நிற்கையில் நடுங்கும் எஞ்சின்
பழைய கார்களின் வெற்றோட்டக் கோளாறும் அதனைத் திருத்தும் முறையும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சென்று, சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்து, மறையூருக்கும் மூணாற்றுக்கும் ஏறும் சாலை கேரளத்தில் தொடங்கித் தமிழகத்தினூடே சென்று மீண்டும் கேரளத்தில் முடிவதாகும். கடல் மட்டத்திற்கு மேல் 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலுள்ள பாலக்காட்டு நகரில் புறப்படும் வண்டி, மறையூரை அடைகையில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தையும், மூணாற்றை அடைகையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தையும் எட்டிவிடுகிறது. ஒரே நாளில், கோடையின் கடும் வெப்பத்திலிருந்து மலைக் குளிருக்கும், அடர்ந்த காற்றிலிருந்து மெலிந்த காற்றுக்கும் அது மாறிச் செல்கிறது.

இத்தகைய மலைச் சாலைகளில் பழைய கார்கள் இன்னும் ஓடிக் கொண்டிருக்கின்றன. 1957ல் உற்பத்தி தொடங்கி 2014ல் நிறுத்தப்பட்ட அம்பாஸடர், அதற்கு முன்பே உற்பத்தி நின்றுபோன பிரீமியர் பத்மினி, பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பழைய ஜீப் ஆகியவை அவற்றுட் சில. இவ்வண்டிகளை வைத்திருப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. ஓடும்போது ஒழுங்காக ஓடும் எஞ்சின், வண்டி நின்றதும் நடுங்குகிறது. சில வேளை அணைந்தே போகிறது என்பதே அக்குறை.

இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்குதல் தகாது. கொண்டை ஊசி வளைவில், ஏற்றத்தில், பின்னால் ஒரு பேருந்து வந்து கொண்டிருக்கும் வேளையில் எஞ்சின் அணைந்தால் விளையும் இடர் யாவர்க்கும் விளங்கும். பிரேக்கிற்கு வெற்றிடத் துணைக் கருவி பொருத்திய வண்டிகளில் இடர் இன்னும் பெரிது. எஞ்சின் அணைந்தபின் ஓரிரு முறை மிதித்ததும் அத்துணை தீர்ந்துபோய், பிரேக் மிதி கல்லைப் போல் இறுகிவிடும். நோயாளியை ஏற்றிச் செல்லும் எஸ்டேட் ஜீப்பாயினும், களப் பணிக்குச் செல்லும் அலுவலக வண்டியாயினும், இக்கோளாற்றின் காரணத்தை முறையாகக் கண்டறிவது இன்றியமையாதது.

இங்குக் கூறப்படுவன கார்புரேட்டரும் காண்டாக்ட் பாயிண்ட்டும் உடைய பெட்ரோல் எஞ்சின்களுக்கே பொருந்தும். டீசல் ஜீப்புகளில் தீப்பொறி இல்லை. அவற்றின் நோய்களும் வேறு.

வெற்றோட்டம் என்பது யாது?

வண்டி நிற்கையில், சுமை ஏதுமின்றி எஞ்சின் தானே ஓடிக் கொண்டிருப்பதைத் தொழிற்கூடங்களில் 'ஐடிலிங்' என்பர். இக்கட்டுரையில் அதனை வெற்றோட்டம் எனக் குறிப்போம். பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று வெற்றோட்டத்தில் நிமிடத்திற்குச் சுமார் 750 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிவதால், எஞ்சினில் நொடிக்கு 25 எரிதல்கள் நிகழும். அவற்றுள் ஒரு சிலிண்டர் மட்டும் எரியாது போனால், நொடிக்கு ஆறு முறை எஞ்சின் தள்ளாடும். நம் கைக்கும் இருக்கைக்கும் எட்டும் நடுக்கம் இதுவே.

வேகமாக ஓடும்போது தோன்றாத கோளாறு நிற்கும்போது தோன்றுவதேன்? வெற்றோட்டத்தில் கார்புரேட்டரின் திராட்டில் தட்டு ஏறத்தாழ மூடியே இருக்கும். சிலிண்டருக்குள் மிகச் சிறிதளவு கலவையே செல்லும்; முன் சுற்றில் எரிந்த புகையின் மிச்சமும் அதனுடன் கலந்திருக்கும். இந்நிலையில் கலவை எரிவதே அரிது. கலவையிற் சிறு பிழையோ, பொறியிற் சிறு தளர்ச்சியோ, வால்விற் சிறு கசிவோ இருப்பின் அது எரியாமலே போகும். விரைவாகச் சுழலும்போதோ கலவை மிகுதியாகவும், கசிவுக்குக் கிடைக்கும் நேரம் குறைவாகவும் இருப்பதால் அதே பிழை மறைந்துவிடுகிறது. நாடி பார்க்கும் மருத்துவர் நோயாளியை ஓடச் செய்வதில்லை; அமரச் செய்தே பார்க்கிறார். எஞ்சினின் நாடியும் வெற்றோட்டத்திலேதான் தெரியும்.

திருகைத் தொடுமுன்

எஞ்சின் நடுங்கினால் பலரும் முதலிற் செய்வது, திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டரின் கலவைத் திருகைத் திருப்புவது. இது தவறான தொடக்கம். ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம்.

நான்காம் சிலிண்டருக்குரிய மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு ஏற்பட்டு, அதன் வழியே வெளிக் காற்று நுழைகிறது என்று கொள்வோம். அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் கலவை மெலிந்து, எஞ்சின் நடுங்குகிறது. திருகைத் திருப்பிக் கலவையைச் செறிவாக்கினால் நான்காம் சிலிண்டர் எரியத் தொடங்கும், நடுக்கமும் குறையும். ஆனால் மற்ற மூன்று சிலிண்டர்களுக்கும் தேவைக்கு மேற்பட்ட பெட்ரோல் செல்லும். சின்னாட்களில் அவற்றின் ஸ்பார்க் பிளக்குகள் கரி பிடித்து, நடுக்கம் முன்னிலும் மிகுதியாக மீளும். ஒரு கேஸ்கட்டின் பிழைக்காக மூன்று பிளக்குகளும், வாரந்தோறும் வீணாகும் பெட்ரோலும், இறுதியில் ஒரு புதிய கார்புரேட்டரும் செலவாகும்.

வெற்றோட்ட வேகத்தை மட்டும் கூட்டி நடுக்கத்தை மறைப்பது இதனினும் தீது. கால் எடுத்த பின்னும் எஞ்சின் வண்டியைத் தள்ளுமாதலால், இறக்கத்தில் பிரேக் வீணே சூடேறும்.

ஆகவே, சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் சிலிண்டரின் அழுத்தம், அடுத்துத் தீப்பொறி, மூன்றாவதாகக் காற்றுக் கசிவு, கடைசியாகவே கார்புரேட்டர் என்பது அவ்வரிசை. முன்னைய மூன்றும் செவ்வையாக இருந்தாலன்றி நான்காவதைச் சரிப்படுத்த இயலாது.

கேட்டும் தொட்டும் அறிதல்

கருவி எதுவுமின்றியே பலவற்றை அறியலாம். எஞ்சினை நன்கு சூடேற்றிய பின், சைலன்சர் குழாயின் முனைக்கருகே ஒரு தாளைப் பிடிக்கவும். நல்ல எஞ்சினில் தாள் ஒரே சீராக அதிரும். தவறாமல் ஒரே தாளத்தில் இடறினால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டரிலேயே கோளாறு. முறையின்றி அங்குமிங்கும் இடறினால், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான கலவையிலோ பொறியிலோ கோளாறு. இடையிடையே தாள் குழாயை நோக்கி இழுக்கப்பட்டால், புகை வால்வு ஒன்று கருகி, சரியாக மூடாமலிருப்பதாக ஐயுறலாம்.

பின்னர், ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். மின்காப்பிட்ட குறட்டாலேயே இதனைச் செய்தல் வேண்டும்; கழற்றிய ஒயரின் முனையை எஞ்சினின் உலோகப் பகுதியோடு சேர்த்து வைத்தல் நலம். ஒயரைக் கழற்றியதும் எஞ்சின் மேலும் தடுமாறினால் அச்சிலிண்டர் உழைக்கிறது என்று பொருள். மாற்றமேதும் இல்லையெனில், அதுவே வேலை செய்யாத சிலிண்டர்.

முதற் படி: அழுத்தமும் வால்வும்

எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்து வைத்து, அழுத்தமானியால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். எண்கள் பெரிதாயிருப்பதினும் அவை ஒன்றோடொன்று ஒத்திருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின், அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளக்கவும். எண் உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்வில் கசிவு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருப்பின், அவற்றிற்கு இடையே ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம்.

வால்வுக் கசிவுக்கு நம் நாட்டுப் பழைய கார்களில் தனிக் காரணம் ஒன்று உண்டு. முற்காலப் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயக் கூட்டுப்பொருள் வால்வு அமரும் இருக்கையில் படலமாகப் படிந்து, அதன் தேய்மானத்தைத் தடுத்து வந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்கள் நலத்திற்கு இது மிக நன்று. ஆயினும் கடினப்படுத்தாத இருக்கைகளையுடைய பழைய எஞ்சின்களில், நெடிய ஏற்றங்களில் சுமையுடன் செல்லும்போது, புகை வால்வு தன் இருக்கையில் சிறிது சிறிதாகப் புதைகிறது. அதனால் டேப்பட் இடைவெளி குறைந்து, நாளடைவில் வால்வு முழுதும் மூடாது போகிறது. ஓசையிடும் டேப்பட்டைக் கண்டு அஞ்சுவோர் பலர்; ஓசையே எழுப்பாத டேப்பட்டுக்கே அஞ்ச வேண்டும். வண்டியின் கையேட்டில் குறித்த இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து வைத்தாலே பல நடுக்கங்கள் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: தீப்பொறி

கழற்றிய பிளக்கின் நிறமே ஒரு நோய்க் குறிப்பேடு. இளம் பழுப்பு நிறம் நலத்தைக் குறிக்கும். உலர்ந்த கரி செறிந்த கலவையையும், எண்ணெய்ப் பசையுள்ள கறுப்பு தேய்ந்த வளையத்தையும், வெளுத்த வெண்மை மெலிந்த கலவையையும் காட்டும். நான்கும் ஒரே நிறமாயின் கோளாறு பொதுவானது. ஒன்று மட்டும் வேறாயின் அச்சிலிண்டருக்கே உரியது.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரைக் காண்போம். பாயிண்ட்டின் முகங்கள் குழிந்து கருகியிருப்பின் மாற்ற வேண்டும். அவற்றின் இடைவெளி பல வண்டிகளில் 0.4 மி.மீ. அளவை ஒட்டியிருக்கும், பிளக்கின் இடைவெளி 0.6 மி.மீ. அளவை ஒட்டியிருக்கும். புதுப் பாயிண்ட்டும் விரைவிற் கருகினால் கண்டென்சரை ஐயுறுக. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். எத்தனை முறை சரிசெய்தாலும் நிலைக்காது.

இடுக்கி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் இப்பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் படியும் ஈரத்தின் வழியே உயர் மின்னழுத்தம் கசிந்து, மயிரிழை போன்ற கரிக் கோட்டை வரைந்து விடுகிறது. ஈரத்தைத் துடைத்தாலும் அக்கோடு நீங்காது. அத்தகைய மூடியை மாற்றுவதே வழி. இரவில் எஞ்சின் மூடியைத் திறந்து இருளிற் பார்த்தால், பழைய ஒயர்களில் நீலப் பொறி ஊர்வதை நேரே காணலாம்.

மூன்றாம் படி: காற்றுக் கசிவு

கார்புரேட்டர் வழியாக அன்றி வேறு வழியில் நுழையும் காற்று கலவையை மெலிவிக்கும். மேனிஃபோல்டு கேஸ்கட், கார்புரேட்டரின் அடித்தகடு, வெடித்த ரப்பர்க் குழாய், பிரேக் துணைக்குச் செல்லும் வெற்றிடக் குழாய், தேய்ந்த திராட்டில் தண்டு ஆகியவை ஐயத்திற்குரிய இடங்கள். இணைப்புகளின் மீது பெட்ரோலைச் சொட்டவிட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சூடான புகைக் குழாய் அருகிலேயே இருப்பதால் இது தீவிபத்திற்கு வழியாகும். மின் பகுதிகளில் படாதவாறு நீரைத் தூவினாலே போதும். கசிவுள்ள இடத்தில் நீர் பட்டதும் எஞ்சினின் ஓசை மாறும்.

வெற்றிடமானி இருப்பின் வேலை இன்னும் எளிது. சமவெளியில், நல்ல எஞ்சினின் வெற்றோட்டத்தில் முள் 17 முதல் 21 அங்குலம் வரையிலான பாதரச அளவில் அசையாது நிற்கும். ஒரே தாளத்தில் முள் துள்ளினால் வால்வுக் கோளாறு. மெல்ல ஊசலாடினால் கலவைக் கோளாறு. தாழ்ந்த எண்ணில் அசையாது நின்றால் காற்றுக் கசிவு அல்லது பிந்திய பொறி. ஆனால் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் இவ்வளவு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதை மறக்கலாகாது. பாலக்காட்டில் 19 காட்டிய எஞ்சின், மூணாற்றில் 14 காட்டுவது இயல்பே. இதனை அறியாதார் நல்ல எஞ்சினையும் பழுது என்று பிரித்துவிடக் கூடும்.

நான்காம் படி: கார்புரேட்டர்

இம்மூன்றும் செவ்வையான பின்னரே கார்புரேட்டரிடம் வர வேண்டும். வெற்றோட்டத்திற்குரிய ஜெட்டின் துளை மிக நுண்ணியது. ஒரு துகள் துரு போதும், அது அடைபட. ஜெட்டைக் கழற்றிக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்க. கம்பியால் குத்துதல் கூடாது, துளை பெரிதாகிவிடும். மிதவை நிற்கும் மட்டத்தையும், ஊசி வால்வு கசியாதிருத்தலையும் சரிபார்க்கவும்.

பின்பு எஞ்சின் சூடாயிருக்கையில், கலவைத் திருகை முழுதும் உள்ளே செல்ல எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக் கொண்டு, பழைய நிலைக்கே மீட்கவும். இறுக்கி முறுக்கினால் ஊசி முனை கெடும். எஞ்சின் ஓடுகையில் திருகைச் சிறிது சிறிதாக உள்ளே திருப்பி, தடுமாறத் தொடங்கும் இடத்தையும், வெளியே திருப்பி, ஓட்டம் கனக்கும் இடத்தையும் கண்டு, இரண்டிற்கும் இடையே மிகச் சீராகவும் விரைவாகவும் ஓடும் இடத்தில் நிறுத்துக. வேகம் கூடியிருந்தால் திராட்டில் திருகைத் தளர்த்திக் குறைத்து, கலவையை மீண்டும் ஒரு முறை சரிபார்க்கவும். சில வகைக் கார்புரேட்டர்களில் திருகின் போக்கு மாறியிருக்குமாதலால் கையேட்டைப் பார்த்தே செய்க.

உயரமும் வெப்பமும் புதிய பெட்ரோலும்

எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் நடுங்குவதுண்டு. அப்போது பிழை வண்டியில் இல்லை, சூழலில் இருக்கிறது.

1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 86 சதவீதமே. கார்புரேட்டர் இம்மாற்றத்தை முழுதும் உணராது. அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே கலவை மாறும். அதன்படி, பாலக்காட்டில் அளந்து வைத்த கலவை மூணாற்றில் சுமார் 7 சதவீதம் செறிவாகிறது. 'மலைக்குப் போனால் கலவையைக் குறை' என்னும் பழைய விதி இதனால் எழுந்தது.

ஆனால் இன்றைய பெட்ரோல் பழைய பெட்ரோல் அன்று. அதில் எத்தனால் கலப்பு 2022ல் 10 சதவீதத்தையும், 2025ல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். தூய பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 பங்கே போதும். எனவே தூய பெட்ரோலுக்கென்று முன்னர் அளந்து வைத்த கார்புரேட்டரில், கலவை இப்போது சுமார் 8 சதவீதம் மெலிந்ததற்கு ஒப்பாகிறது. உயரம் செய்யும் செறிவும் எத்தனால் செய்யும் மெலிவும் மூணாற்றில் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. அதே வண்டி பாலக்காட்டிற்கு இறங்கியதும் மெலிவு மட்டும் எஞ்சி, நடுக்கம் தோன்றுகிறது. பழைய விதியை நம்பி மலையில் கலவையைக் குறைத்தவருக்குச் சமவெளியில் தொல்லை இருமடங்காகும். ஆகவே வண்டி பெரும்பாலும் எங்கு ஓடுகிறதோ அங்கே, இப்போது நிரப்பும் பெட்ரோலைக் கொண்டே கலவையைச் சரிப்படுத்துதல் வேண்டும்.

எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கவல்லது, தொட்டியில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்து ஜெட்டிற்கு அனுப்பவும் கூடும், நீரையும் ஈர்க்கும். எனவே வடிகட்டியை அடிக்கடி பார்ப்பதும், எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்துவதும், தொட்டியை நெடுநாள் அரைகுறையாக விட்டு வைக்காதிருப்பதும் நன்று.

வெப்பத்தின் தொல்லை வேறு. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 பாகை செல்சியஸை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். பாலக்காட்டுக் கோடையில் வெளி வெப்பமே சில நாட்களில் அந்த அளவை எட்டுகிறது. சூடான எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்துக் கிளப்பினால், கார்புரேட்டரில் பொங்கிய பெட்ரோலால் சில நிமிடம் நடுக்கம் இருக்கும். இதற்குத் திருகைத் தொட வேண்டா. எஞ்சின் மூடியைத் திறந்து ஆறவிட்டாற் போதும். இதற்கு நேர்மாறாக, மூணாறு, தேவிகுளம் பகுதிகளின் ஈரமான குளிர்காலை வேளையில், ஆவியாகும் பெட்ரோலின் குளிர்ச்சியால் திராட்டில் தட்டின் விளிம்பில் பனி உறைந்து எஞ்சின் அணையலாம். சில நிமிடம் நிறுத்தினால் எஞ்சினின் சூட்டில் பனி உருகி, வண்டி தானே சரியாகும். இவ்விரண்டையும் பழுது என்று எண்ணிப் பிரித்தலே பெரும் பழுது.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

காற்றின் அடர்த்தி உயரத்திற்கேற்பக் குறைவதை விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டா. மூணாற்றில் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் நீர்ப் புட்டியை இறுக மூடிச் சமவெளிக்குக் கொண்டு வந்தால், அது நசுங்கியிருப்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். கையில் ஒரு துளி ஸ்பிரிட்டைத் தடவினால் தோன்றும் குளிர்ச்சியே கார்புரேட்டரில் பனி உறைவதற்கும் காரணம் என்று கூறலாம். பாடப் புத்தகத்தில் தனித்தனியே பயிலும் அழுத்தம், ஆவியாதல், மின்பொறி, எரிதல் ஆகிய நான்கும் ஒரு பழைய எஞ்சினில் ஒன்றுகூடி உழைப்பதை அவர்கள் உணர்வர்.

முடிவாக ஓர் எச்சரிக்கை

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு இச்சோதனைகளைச் செய்தல் ஆகாது. வெற்றோட்டத்தில், அதிலும் செறிந்த கலவையில், நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவாகிய கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிப்படும். குளிருக்கு அஞ்சிக் கதவடைத்து வேலை செய்யும் மலைநாட்டுக் கொட்டகைகளில் இவ்வபாயம் அதிகம். வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில், சக்கரத்திற்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்த பின்னரே எஞ்சினைத் தொடுக.

அளந்த இடைவெளி, கண்ட அழுத்தம், திருகின் சுற்று, அன்றைய தேதி, இடத்தின் உயரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை நடுக்கம் தோன்றும்போது எது மாறியது என்று உடனே தெரியும். அழுத்தம், பொறி, காற்று, கலவை என்னும் வரிசையைக் கடைப்பிடித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பயனைக் கண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்வோர்க்குப் பழைய எஞ்சின் புதிராயிராது. மலைப் பாதையின் நடு வளைவில் கைவிடவும் செய்யாது.